இன்னொருத்திக்கு வைத்த பெயர்

காலையிலிருந்து வீட்டில் வசம்பு கருகும் வாசனை. குழந்தைக்கு வயிற்றுப் பொருமல். வாங்கி வந்தவன் நான்தான். நாட்டு மருந்துக் கடையில் நின்று, ஊர் வழக்கப்படி, "பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க" என்றேன். கடையில் இருந்த பெண் சின்ன வயது. "பேரச் சொல்லாம நான் எதங்க ஐயா எடுத்துக் குடுக்கிறது?" என்றாள். உள்ளே இருந்த அவள் அப்பா, "புள்ள வளப்பான் கேக்குறாருடி" என்று குரல் கொடுத்த பிறகுதான் வசம்பு டப்பாவைத் திறந்தாள்.

நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் சிரித்திருப்பாய். அருண் கைக்குழந்தையாக இருந்தபோது நீ இதை விளக்கில் காட்டிச் சுட்டு, தாய்ப்பாலில் உரசி, அவன் நாக்கில் தடவுவாய். அவன் முகம் சுளிப்பதற்கு முன்பே உன் முகம் சுளித்துவிடும். இப்போது மருமகள் ரம்யா அதையே செய்கிறாள். அவள் முகமும் சுளிக்கிறது. அந்த வாசனை எழுந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செய்தித்தாளை எடுத்தேன், வைத்தேன். வாசல் குழாயை மூடியிருக்கிறோமா என்று மூடிய குழாயையே மறுபடி போய்ப் பார்த்தேன். கடைசியில் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் பெயரைப் பற்றி இந்த வீட்டில் நடந்தது ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நான் செய்தது சரிதானா என்று கேட்க வேறு யாரும் எனக்கு இல்லை.

நீ போனபோது ரம்யாவுக்கு மூன்றாம் மாதம். அதை முதலில் கண்டுபிடித்தவளும் நீதான். "காப்பி வாசனைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிறா, பாத்துக்குங்க" என்று சமையலறையிலிருந்து என்னிடம் கண்ணைக் காட்டினாய். பெண் குழந்தை. பிரசவம் அம்பகரத்தூரில், அவள் அம்மா வீட்டில். குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் இங்கே அழைத்து வந்தார்கள். பெயர் வைப்பது நம் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பதில் அருண் உறுதியாக இருந்தான். கூடவே சம்பந்தியம்மாவும் வந்து தங்கினார்.

பெயர்கள் விஷயத்தில் உனக்கும் எனக்கும் எப்போதும் ஒத்துப்போனதில்லை. நினைவிருக்கிறதா? கணக்கு வாத்தியாராக இருந்த காலமெல்லாம் காலையில் முதல் வேலை எனக்குப் பெயர் கூப்பிடுவதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கலியமூர்த்தியும் பக்கிரிசாமியும் தையல்நாயகியும் இருந்தார்கள். நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற இந்துப் பிள்ளைகள்தான் அந்தப் பக்கிரிசாமிகள். நெரவிப் பக்கத்திலிருந்து வருகிற பையன்களில் ஒருவனாவது அந்தப் பெயரில் இருப்பான். பிறகு ரமேஷும் சுரேஷும் வந்தார்கள். சாந்தி என்று கூப்பிட்டால் வகுப்பில் பாதி பேர் எழுந்து நின்ற ஒரு காலம் இருந்தது. அப்புறம் பிரவீன், சரண்யா. நான் ஓய்வு பெறும் சமயத்தில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயர்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஹ்ருத்விக் என்று ஒரு பையன். முதல் நாள் அவன் பெயருக்கு முன்னால் நான் தயங்கி நின்றதுமே, "எஸ் சார்" என்று அவனாக எழுந்துவிட்டான். எல்லா வாத்தியார்களும் அந்த இடத்தில் தயங்கித் தயங்கி, அந்தத் தயக்கமே தன் பெயர் என்று அவனுக்குப் பழகியிருந்தது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் உன்னிடம் ஒப்பிப்பேன். பெயர் என்றால் ஒரு பொருள் வேண்டும், ஊரில் நாலு பேருக்கு இருந்து பழகியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். "புதுசா இருந்தா என்னாங்க? அந்தப் புள்ளைக்குன்னு உக்காந்து யோசிச்சிருக்காங்கல்ல" என்பாய். அதை ஏதோ உன் விளையாட்டுப் பேச்சு என்றே பல நாள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை பெயர்ச் சண்டை நம் கூடத்திலேயே நடந்தது. குழந்தைக்கு ஆயில்ய நட்சத்திரம். டி, டு, டே, டோ என்ற எழுத்துகளில் ஒன்றில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். சம்பந்தியம்மா செல்போனில் தேடித் தேடி வாசித்தார்.

"டோ-வுல என்னங்கத்த பேரு இருக்கு? டோலக்குன்னு வைக்கலாமா?" என்றான் அருண்.

"ஏன் மாப்ள, டோலாஸ்ரீன்னு போட்டிருக்கே. நல்லாத்தான இருக்கு?"

"அம்மா, பள்ளிக்கூடத்துல புள்ளைங்க அத டோல்கேட்டுன்னுதான் கூப்பிடும்" என்றாள் ரம்யா. பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள், அவளுக்குத் தெரியாதா?

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சம்பந்தியம்மா செல்போனைக் கவிழ்த்து வைத்தார். "எழுத்து கெடக்கட்டும். நான் ஒண்ணு சொல்றேன். அண்ணி போயி ஆறு மாசத்துல வந்து பொறந்திருக்கா. இந்தத் தாடையப் பாருங்க, அப்படியே அண்ணிதான். அவங்களே வந்திருக்காங்க. அப்பறம் வேற பேரு தேடுறது என்ன நாயம்?"

அருண் குழந்தையின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் அதத்தான் நெனச்சேன். யாராவது சொல்லட்டும்னு இருந்தேன்" என்றான். அவன் குரல் சரியில்லை.

"இப்ப ஃபேஷனும் அதாங்க மாமா" என்று ரம்யா என் பக்கம் திரும்பினாள். "பழைய பூப் பேரெல்லாம் திரும்ப வருது. எங்க டீச்சர் ஒருத்தவங்க புள்ளைக்கு மல்லிகான்னு வச்சிருக்காங்க. அத்தை பேரு அதவிட அழகு."

"மாமியா பேர வச்சிட்டு நாளைக்குப் புள்ளைய எப்படிடி திட்டுவ?" என்றார் சம்பந்தியம்மா.

"அதுக்குத்தானம்மா வைக்கிறேன். அத்தை இருந்தவரைக்கும் ஒரு நாளாச்சும் திட்ட முடிஞ்சிதா?"

மறுபடி சிரிப்பு. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று இரவுக்குள் சொந்தக்காரர்கள் பலருக்கும் செய்தி போய்விட்டது.

அன்றைக்குத் தொடங்கிய அலைச்சல் இது. மறுநாள் கடற்கரைக்கு நடப்போம் என்று கிளம்பி, அரசலாற்றுப் பாலத்தருகே போய், எதற்கு வந்தோம் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். குளிக்கப் போய்த் துண்டு இல்லாமல் வெளியே வந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிட வேண்டும் போலிருந்தது.

உன் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. நம் காலத்தில் அது புதுமையும் இல்லை. நீ என்னை "என்னாங்க" என்றாய், நான் உன்னை "இந்தா" என்றேன். எத்தனையோ வருஷம் அதிலேயே ஓடிவிட்டது. இங்கே எழுதவும் கை வரவில்லை. மரத்தில் பூக்கிற ஒரு பூவின் பெயர், கேட்டவர்கள் எல்லோரும் நல்ல பெயர் என்று சொன்ன பெயர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீ போன பிறகு அந்தப் பெயர் வீட்டில் கேட்பதே இல்லை. தபால்காரர் கூட இப்போது அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் சும்மா இருந்தாலே போதும், அது நாள் முழுவதும் இந்தக் கூடத்தில் கேட்கும். நானும் கூப்பிடலாம். பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை யார் குறை சொல்லப்போகிறார்கள்? இந்த ஆசை எனக்கு வந்தது. வலுவாகவே வந்தது. நான் வாய் திறக்காததற்கு என் சுபாவம் பாதிக் காரணம் என்றால், இது மீதிப் பாதி.

ஆனால் கடற்கரையில் நீ சொன்னது என்னிடம் இருந்தது. அது என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அருண் உன் வயிற்றில் இருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவித்த வேர்க்கடலை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். அன்று காலையில்தான் என் அண்ணன் வந்து, பையன் பிறந்தால் காலஞ்சென்ற அப்பாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் சரி என்று சொல்லியிருந்தேன். அண்ணனிடம் நான் வேறு எதைச் சொல்லியிருக்கிறேன்? நீ கடலையை உரித்து உரித்து மடியில் போட்டாயே தவிர ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

"செத்தவங்க பேரு வேண்டாங்க" என்றாய்.

ஏன் என்று கேட்டேன். நீ கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"எனக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்துச்சு. தவழ்ற வயசுல வாந்தி பேதியில போயிடுச்சு. அடுத்து நான். அது பேரையே எனக்கு வச்சிட்டாங்க. அது கொலுசு, அது பாலாடை, அது பேரு."

அப்படி வைப்பது உண்டுதானே என்றேன். நீ தலையசைத்தாய்.

"அம்மா அடுப்படியிலேருந்து கூப்பிடும். நான் ஓடிப் போயி நிப்பேன். என்னப் பாத்ததும் அம்மா மொகத்துல... எப்படிச் சொல்றது? வேற யாரோ வருவாங்கன்னு பாத்த மாதிரி. ஒரு கணந்தான். அப்பறம் சிரிச்சிடும். ஆனா அந்த ஒரு கணம் வராம ஒரு நாளும் இருந்ததில்லங்க."

 பதில் தெரியாதபோது நான் சொல்கிற மாதிரி எதையோ சொன்னேன். "நல்ல பேருதானே" என்றேன்.

"நல்ல பேருதான். இன்னொருத்திக்கு வச்சது."

என் கையில் உரித்த கடலையைக் கொட்டினாய். "நீங்க இந்தாங்கிறீங்களே, அதுதான் எனக்குன்னு இருக்கிறது" என்று சிரித்தாய். உன் அம்மா உயிரோடு இருக்கும்வரை இது யாருக்கும் தெரியக் கூடாது என்றாய். "தெரிஞ்சா அது தாங்காது. பாவம், அது வேணும்னா செஞ்சிது?"

அண்ணனிடம் பேச வேண்டியிருந்தபோது அந்தக் காரணத்தை நீ சொல்லவே இல்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மிக மரியாதையாக, "மாமா பேர வச்சா மருமவ நான் எப்படிங்க புள்ளையக் கூப்பிடுறது? வாயத் தொறக்க முடியாதே" என்றாய். மாமனார் பெயரைச் சொல்லாத மருமகள் என்ற பெருமையை அண்ணனால் தட்ட முடியவில்லை. நீயே யோசித்து அருண் என்று வைத்தாய். அன்றைக்கு அது நம் தெருவில் யாருக்கும் இல்லாத பெயர். "என்னம்மா இது, சினிமாக்காரன் பேரு மாதிரி?" என்று அண்ணன் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். நானும் உள்ளுக்குள் அண்ணன் கட்சிதான். கொஞ்ச நாளில் என் வகுப்பிலேயே அருண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

பெயர் வைக்கும் நாள் நெருங்க நெருங்க, இதை எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒரு தேற்றத்தை நிறுவுவதுபோல் முதல் வரி, இரண்டாம் வரி என்று அடுக்கினேன். அருணின் முகத்தைப் பார்த்ததும் முதல் வரியே மறந்துபோகும். அவன் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் வைக்காத பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்திருந்தான். உன்னை இழந்த பிறகு அவன் முகத்தில் அந்த வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அதை அணைக்க நான் யார்?

எதிர்வீட்டு அந்துவான் முசியேவிடம் போய் உட்கார்ந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர், அதனாலேயே தெருவுக்கு ஐயா இல்லாமல் முசியே ஆனவர், நீ கொடுத்தனுப்பும் வத்தக்குழம்புக்கு அடிமையாகியிருந்தவர். உன் அக்கா கதையைச் சொல்லவில்லை. இறந்தவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டேன்.

"எங்க வழக்கத்துல இது சுலபம் வாத்தியாரே" என்றார். "எம் பேத்தி பிரான்சுல பெத்த புள்ளைக்குக் கூப்பிடுற பேரு எந்த்ஸோ. அதுக்குப் பின்னாடி எங்கப்பா பேரு, அவன் பெரியப்பன் பேரு எல்லாத்தையும் வரிசையாப் போட்டு மேரியில எழுதியாச்சு." மேரி என்றால் அங்கே நகராட்சி. "செத்தவங்களுக்கும் கோவமில்ல, புள்ளைக்கும் பாரமில்ல. ரெண்டாம் பேரா வச்சிட்டுப் போங்களேன்."

"எந்த்ஸோன்னா என்ன பொருள் முசியே?"

"யாருக்குத் தெரியும்? போன்ல கூப்பிட்டா சிரிக்குது. போதாதா?"

எனக்குப் பெரிய நிம்மதி. யாரையும் எதிர்க்காமல், எதையும் வெளிப்படுத்தாமல் தப்பிக்க ஒரு வழி. தெருவைக் கடந்து நம் வாசலுக்கு வருவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. எங்கே எழுதினாலும் அது அதே பெயர்தான். அருண் தொட்டிலருகே எந்தப் பெயரைச் சொல்லுவான் என்று எனக்குத் தெரியாதா? கூப்பிட்டுவிட்டு, வந்து நிற்கிற பிள்ளையின் முகத்தில் அவன் உன்னைத் தேடுவான். சம்பந்தியம்மா இப்போதே தாடையில் தேடுகிறார். நானோ எல்லோரையும்விட மோசமாகத் தேடுவேன். அந்தக் குழந்தை ஓடிவந்து நின்று எங்கள் முகங்களைப் பார்க்கும்.

முதலில் ரம்யாவிடம்தான் சொன்னேன். கொல்லைப்புறத்தில் குழந்தைத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுக்கி வைத்த வரிகள் ஒன்றும் வரவில்லை. நடுவிலிருந்து ஆரம்பித்து, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்து, எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் கையில் பிழிந்த துணி அப்படியே இருந்தது.

"அத்தை என்கிட்ட இதச் சொல்லவே இல்லியே மாமா."

"யார்கிட்டயும் சொன்னதில்லம்மா."

"எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியை உதறிப் போட்டாள். கொடியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அடுத்த துணியை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

உன் நோய் தெரிவதற்கு முன்னால், உண்டாகியிருப்பது தெரிந்த புதிதில், அவளும் அருணும் ஏதாவது பெயர் நினைத்திருந்தார்களா என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"சிரிப்பீங்க மாமா."

"மாட்டேன்."

"நைரா."

சிரிக்கவில்லை. ஆனால் வாத்தியார் புத்தி விடவில்லை. "என்ன பொருளம்மா?"

"ஒவ்வொரு ஆப்புல ஒவ்வொண்ணு போட்டிருக்கான். எனக்குப் பொருளெல்லாம் வேணாம்னு தோணிச்சு. அம்பகரத்தூர்ல, காரைக்கால்ல, எங்க சொந்தத்துல, உங்க சொந்தத்துல யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும். இதுக்கு மட்டும்னு இருக்கணும். அவ்வளவுதான் மாமா."

நான் அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் இந்தப் பெயர்களை நான் குறை சொல்லி வந்திருக்கிறேன். வேரில்லாத பெயர்கள், விளம்பரப் பெயர்கள் என்றெல்லாம் உன்னிடம் பேசியிருக்கிறேன். யாரும் அழுது பார்த்திராத ஒரு பெயரைத் தன் குழந்தைக்கு வேண்டும் என்று ஒருத்தி நினைக்கலாம் என்று எனக்கு எட்டியதே இல்லை. உனக்கு எட்டியிருந்தது. அதைத்தான் "அந்தப் புள்ளைக்குன்னு யோசிச்சிருக்காங்கல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாய்.

அருணிடம் ரம்யா சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"இத்தன நாளு வாயத் தொறக்காம, ஊரெல்லாம் சொன்னப்பறம் வந்து சொல்றீங்க."

"தப்புதான்" என்றேன்.

"அம்மாவுக்குப் புடிக்காதுன்னா எனக்குத் தெரியாதா? புள்ளையாப் பொறந்தவன் எனக்குத் தெரியாம உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

 கடற்கரை, கடலை, அண்ணன் என்று எதையோ ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பேர இனிமே யாருமே சொல்ல மாட்டாங்கப்பா" என்றான். அருணின் குரல் சின்னப் பையனின் குரல் போலிருந்தது. "அப்படியே இல்லாமப் போயிடும்."

அது உண்மை.  அவனைத் தொட்டுத் தேற்றவும் எனக்கு வராது, உனக்குத் தெரியுமே. நாங்கள் இரண்டு பேரும் நிலைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றுகொண்டிருந்தோம். என்ன முடிவு என்று அவன் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரம்யாவைப் பார்த்தேன். தெரியாது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினாள்.

பெயர் வைக்கும் நாளன்று வீடு நிறைய ஆட்கள். தாம்பாளத்தில் நெல் பரப்பியிருந்தது. சர்க்கரைக் கிண்ணம், தொட்டில், பூ. குழந்தையின் காதில் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டியவள் அத்தை. அருணுக்குத்தான் கூடப் பிறந்தவள் கிடையாதே. ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி சொல்வதாக ஏற்பாடு. அவள் முன்னால் வந்தபோது அருண், "இரும்மா" என்றான். குழந்தையை எடுத்து என் கையில் வைத்தான்.

"நீங்க சொல்லுங்கப்பா."

எதை என்று சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. அவனால் முடியாததை என்னிடம் விட்டுவிட்டான் என்று மட்டும் புரிந்தது.

"என்னண்ணே, அண்ணி பேரச் சொல்ல வெக்கமா?" என்று சம்பந்தியம்மா கேட்க, பெண்கள் சிரித்தார்கள். பாவம், அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

குனிந்தேன். குழந்தையின் காது அவ்வளவு சின்னது. பால் வாசனை. அப்போது, உண்மையைச் சொல்கிறேன், உன் பெயர்தான் என் வாய்க்கு வந்தது. இத்தனை காலம் வராத பெயர், கூப்பிடாத பெயர், முழுசாக, ஓர் எழுத்துக் குறையாமல் வந்து உதட்டில் நின்றது. எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சொல்லியிருந்தால் ஊர் சந்தோஷப்பட்டிருக்கும். என் மகன் அழுதிருப்பான், அது நல்ல அழுகையாகவே இருந்திருக்கும். எவ்வளவு நேரம் குனிந்திருந்தேன் என்று தெரியவில்லை. யாரோ, "பெரியவருக்கு முதுகு புடிச்சிக்கிச்சா?" என்றார்கள்.

நைரா என்றேன். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது கரகரத்தது. மூன்றாவது எல்லோருக்கும் கேட்டது.

 "என்னது?" என்றார் சம்பந்தியம்மா. ரம்யா அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அருண் என்னைப் பார்க்கவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினான். ஒவ்வொருவர் கையிலும் போடும்போது, "நைரா, நைராங்க" என்று சொல்லிக்கொண்டே போனான். யாரோ ஒரு கிழவர், "மைதாவா?" என்று கேட்டார். "நைரா, தாத்தா" என்று மறுபடி சொன்னான்.

அதற்குப் பிறகு சில நாள் என்னிடம் அவன் அதிகம் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் இருக்கும் அறைக்குள் வந்தால் எதையோ எடுக்க வந்தவன்போல் எடுத்துக்கொண்டு போய்விடுவான். நேற்று தடுப்பூசி போட எல்லோரும் சேர்ந்து போனோம். செவிலியர் வெளியே வந்து, "நைரா" என்று கூப்பிட்டார். ரம்யா எழுந்தாள். எங்களுக்கு எதிர் வரிசையில் இன்னொரு பெண்ணும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்தவளாம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உங்களதும் நைராவா?" என்றாள் ரம்யா.

"யாருக்கும் இல்லாத பேருன்னுதாங்க நாங்க வச்சோம்" என்றாள் அந்தப் பெண், ஏதோ தன்னை யாரோ ஏமாற்றிவிட்டது போல.

"எந்த நைரா வர்றீங்க? அப்பா பேரச் சொல்லுங்கம்மா" என்றார் செவிலியர்.

அருண் சிரிக்க ஆரம்பித்தான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். நீ போன பிறகு அவன் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என் தோளைத் தொட்டு, "அம்மா இருந்திருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. நீ சொல்வது எப்போதும் நான் எதிர்பார்ப்பதாக இருந்ததில்லை.

குழந்தை சிணுங்க ஆரம்பித்துவிட்டாள். ரம்யா அடுப்படியில் இருக்கிறாள். தொட்டிலை ஆட்ட நான் எழுந்து போக வேண்டும்.

அன்று உதட்டுக்கு வந்த உன் பெயர் திரும்பிப் போகவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் வந்துவிடுகிறது. நான் விழுங்கிக்கொள்கிறேன். சில சமயம் விழுங்கியதுபோல் நினைத்துக்கொண்டு முணுமுணுத்துவிடுகிறேனோ என்றுகூடச் சந்தேகம். அப்புறம்தான் நைரா என்று கூப்பிடுகிறேன். அந்தப் பெயர் என் வாயில் இன்னும் சரியாக உட்காரவில்லை. ஆனால் குரல் வந்த பக்கம் அவள் தலையைத் திருப்பப் பழகிவிட்டாள். அவள் திரும்பும்போது அந்த முகத்தில் வேறு யாரையும் தேடாமல் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நாள் முடிகிறது.